மணல் முதல் கைப்பேசி வரை

மனிதன் பேசக் கற்பது இயற்கை வழி. எழுதக் கற்பது பிறர் கற்பித்த வழி. பேச்சைக் குழந்தை தாயின் மடியிலேயே பெற்றுக்கொள்கிறது. எழுத்தையோ, எவரேனும் ஒருவர் கைபிடித்துக் கற்பித்தாலன்றிப் பெறுதல் இயலாது. ஆகவே எழுத்தின் சரித்திரம் என்பது ஓலை, காகிதம், அச்சு என்னும் கருவிகளின் சரித்திரம் மட்டுமன்று. யார் யாருக்குக் கற்பித்தனர், யார் யாருக்குக் கற்பிக்க மறுத்தனர் என்பதன் சரித்திரமுமாகும்.

"கைப்பேசி வந்தது, எழுத்துக் கெட்டது" என்று பெரியோர் பலர் வருந்துகின்றனர். "கைப்பேசியிலே வாயாற் சொன்னால் போதுமே, எழுதப் படிப்பானேன்?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். இவ்விரண்டு கூற்றும் ஆராய்ச்சிக்கு முன் நில்லா என்பதே நமது கருத்து. அதனை விளக்குமுன், இக்கட்டுரை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை வாசகர்களுக்குக் கூறுவோம்.

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீஸில் கிராணி வேலை பார்த்து வருகிறோம். ஆங்கில வழியிற் படித்தோமாதலின், தமிழெழுத்தை நமக்குக் கற்பித்தது பள்ளிக்கூடம் அன்று; நம் பாட்டியாரே. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒரு நாள் மாலை, லயத்திலிருந்து மூதாட்டி ஒருவர் தம் பேரனை அழைத்துக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார். அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த நாளும் தோட்டமும் இன்னவென்று காட்ட வேண்டிய அவசியம் நேர்ந்திருந்தது. தம் தகப்பனார் வைத்திருந்த பழைய பிஸ்கட் டின் ஒன்றை மேசைமேல் வைத்து, "ஐயா, இதிலே ஊர்க் கடுதாசி இருக்குது. என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"பாட்டி, பேரன் தமிழ்ப் பள்ளியிலே படித்தவன்தானே, அவன் படிக்கட்டுமே" என்றோம். பதினைந்து வயதுச் சிறுவன் அவன். நாளொன்றுக்கு நூறு செய்தி கைப்பேசியில் அனுப்புகிறவன். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கையெழுத்து அவனுக்குப் பிடிபடவில்லை. அன்றியும், அக்கடிதத்தில் 'லை', 'ணா', 'றா' முதலியன பழைய வடிவில் எழுதப்பட்டிருந்தன. அவ்வடிவங்களை அவன் கண்டதே இல்லை. நாமே தட்டுத் தடுமாறி வாசித்தோம்.

அது தமிழ்நாட்டுக் கிராமமொன்றிலிருந்து அம்மூதாட்டியின் பெரிய தகப்பனார் தம் தம்பிக்கு எழுதிய பதில். விஜய வருடம் ஆனி மாதம், அதாவது 1953-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், பெண் குழந்தை பிறந்த சேதி அறிந்து மகிழ்ந்ததாக அதில் இருந்தது. உறையின்மேல் தோட்டத்தின் பெயரும் இருந்தது. கடைசியில் ஒரு வரி: பெண் பிள்ளையென்று பாராமல் அவளைப் பள்ளிக்கூடத்திற் போட வேண்டும் என்பது.

மூதாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க பெரியப்பா அப்படியா எழுதியிருக்காரு?" என்று கேட்டார். அவர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்டவர். அவர் தந்தையார் கைநாட்டுப் போட்டவர். அன்றைய கிராணி அவ்வரியை அவருக்கு வாசித்துக் காட்டினாரோ, அவசரத்தில் விட்டு விட்டாரோ! எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெண்ணின் கல்விக்காக எழுதப்பட்ட வாக்கியம் அவள் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே கிடந்தது, அவளுக்குத் தெரியவில்லை.

நாம் வாசிக்க, பேரனை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லியிருந்தோம். அவன் எழுதியதைப் பார்த்தோம். 'பள்ளிக்கூடம்' என்பதனைப் 'பல்லிக்கூடம்' என்று எழுதியிருந்தான். சுட்டிக் காட்டியதும் சிரித்தான். பாட்டியின் முகத்தைப் பார்த்ததும் தலை குனிந்தான். அன்றிரவு நமக்குத் தோன்றிய கேள்வி இது: எழுதுகோல் அகப்படாத பாட்டிக்கும், எழுதுங் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கும் பேரனுக்கும் கிடைக்காமற் போனது எது? அதற்கு விடை தேடியே சரித்திரத்தைப் புரட்டினோம்.

மணலும் ஓலையும்

நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளில் குழந்தையின் முதற் புத்தகம் தரையில் பரப்பிய மணலே. ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரைவிப்பார். குழந்தை வாயாற் சொல்லிக்கொண்டே எழுதும். அழித்து மறுபடி எழுதும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கொடுக்கப்படும். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோருக்குக் கற்பிப்பான்.

இம்முறையை வெள்ளையர் நமக்குக் கற்பித்தாரல்லர்; நம்மிடமே அவர் கற்றனர். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் குழந்தைகளுக்கென ஏற்பட்டிருந்த இல்லத்துக்கு 1789-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் மேற்பார்வையாளரானார். அவர் ஒரு 'மலபார்' பள்ளியின் வழியே சென்றபோது, குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பயிலுவதைக் கண்டார். (அக்காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே வழங்கினர்.) தம் பள்ளியிலும் அவ்வாறே செய்யுமாறு ஆசிரியர்களைக் கேட்டார். அவர்கள் அதனை மதிக்கவில்லை. ஆகவே ஜான் ஃப்ரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனையே சட்டாம்பிள்ளையாக்கிச் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். அது பலித்தது. 1797-ஆம் ஆண்டில் லண்டனில் இதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளிற் பரவிற்று. தமிழ்க் குழந்தையின் மணற்பலகை கடல் கடந்து சென்று ஆங்கிலக் குழந்தைக்கு எழுத்தறிவித்தது என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே.

ஆயினும் அப்பெருமையோடு நின்றுவிடுதல் நேர்மையாகாது. அம்மணலில் எல்லோருடைய விரலும் படவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடமில்லை. பெண் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. மணலுக்கு விலையில்லை, பனையோலைக்கும் பெரும் விலையில்லை. கருவி மலிவாக இருந்தும் கல்வி அரிதாயிற்று. இக்குறை கருவியினுடையதன்று, மனிதருடையது.

ஓலையெழுத்தின் இயல்பையும் இங்கே கவனிக்க வேண்டும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதனால், மெய்யெழுத்தின்மீது புள்ளி வைக்காமலே எழுதுவது வழக்கம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதும் ஓலைகளில் அரிது. அவ்வேறுபாட்டை இன்று நாம் எழுதும் வடிவில் அமைத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) ஆவார். அக்குறிகள் இல்லாத ஓலையைப் படிக்க வேண்டுமாயின், அதன் பொருளை முன்னரே அறிந்திருக்க வேண்டும். அல்லது அறிந்த ஒருவரிடம் பாடங் கேட்க வேண்டும். அதனாற்றான் ஓலை வைத்திருந்தவன் மாத்திரம் புலவனாகவில்லை; ஆசிரியன் வாய்த்தவனே புலவனானான்.

அச்சு வந்தது

தமிழெழுத்தில் முதன்முதல் இந்தியாவில் அச்சான புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சாயிற்று. 16 பக்கங்களே கொண்டது. பின்னர் 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தாமே ஒரு மாணவராகித் தமிழ்க் குழந்தைகளோடு அமர்ந்து மணலில் எழுதிப் பயின்றார். 1713-ஆம் ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகளைக் கொண்டு அங்கே அச்சுவேலை தொடங்கிற்று. 1715-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது.

ஆனால் அச்சுப்பொறி இந்தியரின் கைக்கு எளிதில் வந்துவிடவில்லை. அரசாங்கத்தாரின் கட்டுப்பாடுகள் 1835-ஆம் ஆண்டில் மெட்காஃப் காலத்துச் சட்டத்தினால் தளர்ந்த பின்னரே, நம்மவர் தாராளமாக அச்சுக்கூடங்கள் நிறுவலாயினர். அதன்பின் எழுதுவோர் தொகை பெருகிற்று. வாசிப்போர் தொகையும் பெருகிற்று. ஏட்டுச்சுவடியைப் பார்த்துப் பிரதி எழுதிக்கொண்டிருந்த கைகளுக்கு வேலை குறைந்தது. 'அச்சுப் புத்தகம் வந்ததால் மனப்பாடஞ் செய்யும் திறமை போயிற்று' என்று வருந்தியவர் அக்காலத்திலும் இருந்திருப்பர். இன்று கைப்பேசியைக் குறித்து வருந்துவோர் அவர்களுடைய பேரர்களே.

கடல் கடந்த தமிழர்

இனி நம் நாட்டுக்கு வருவோம். பினாங்கில் 1816-ஆம் ஆண்டில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பட்டதை நினைவு கூர்ந்து, 2016-ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினர். சிங்கப்பூரில் 1887-ஆம் ஆண்டில் 'சிங்கை நேசன்' என்னும் தமிழ்ப் பத்திரிகை தோன்றிற்று. கோலாலம்பூரில் 1924-ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' பிறந்தது. 1935-ஆம் ஆண்டில் கோ. சாரங்கபாணி அவர்கள் சிங்கையில் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கினார். அது இன்றும் வெளிவந்துகொண்டிருக்கிறது.

இவை யாவும் பட்டணத்தில். தோட்டத்திலோ? பால் வெட்டவும் காடு திருத்தவும் கப்பலேறி வந்தவருட் பலர், ஊரில் திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவரே. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று விதித்தது. விதிப்படி பள்ளிக்கூடமும் வந்தது. ஆனால் பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகை. உபாத்தியாயரோ, எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆவார். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டவரே பின்னர் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக் கொடுத்தார்.

அதே கிராணிதான் தோட்டத்து மக்களுக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். வந்த கடிதத்தையும் வாசித்துக் காட்டினார். ஒருவனுடைய கடன், அவன் தாயின் நோய், மனைவியின் மனத்தாங்கல் யாவும் கிராணியின் காதைக் கடந்தே ஊர் சென்றன. அவற்றை மனத்திற்குள் வைத்துக்கொண்ட நல்லவரும் இருந்தனர், அல்லாதவரும் இருந்தனர். நாமும் ஒரு கிராணியாதலின் இதனைக் கூசாமற் கூறுகிறோம்: எழுதத் தெரியாதவனுடைய வாழ்வு எழுதத் தெரிந்தவன் கையிற் கிடந்தது. நல்ல கிராணிக்குக் கும்பிடு போடுவதைவிட, கிராணியே வேண்டாத நிலைக்கு ஒவ்வொருவனும் உயர்வதன்றோ விடுதலை!

அவ்வுயர்வுக்குப் பத்திரிகைகள் பெருந்தொண்டு செய்தன. இதனை நம் இளைஞர் அறிதல் வேண்டும். 1950-ஆம் ஆண்டில் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தினர். கதையெழுதுவது எவ்வாறென்று பத்திரிகையிலேயே பாடம் வரும்; எங்கோ ஒரு தோட்டத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் முன் அமர்ந்து ஒருவர் பயிற்சி எழுதி அனுப்புவார். 'தமிழ் முரசு' 1950-களில் 'மாணவர் மணிமன்றம்' என்னும் பகுதியில் பள்ளி மாணவரை எழுதச் செய்தது. மலாயாத் தமிழ் எழுத்தாளர் பலர் இவ்வகுப்புகளிலும் மன்றங்களிலும் கை பழகியவரே. பத்திரிகை அவர்களுக்குச் செய்தித்தாள் மட்டுமன்று. பள்ளிக்கூடமும், சட்டாம்பிள்ளையும், மணற்பரப்பும் அதுவே.

95 ஆண்டுகள் நிறையுமுன் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நின்றுபோயிற்று. ஒரு பத்திரிகை மறைந்ததென்று வருந்தினோம். ஒரு வகுப்பறையின் நினைவும் அதனோடு மங்குகிறதென்று எத்தனை பேர் எண்ணினோம்?

எழுத்துச் சீர்திருத்தம்

மூதாட்டியின் கடிதத்திற் கண்ட பழைய வடிவங்களைப் பற்றி ஒரு சொல். குழந்தை கற்க வேண்டிய எழுத்து வடிவங்களைக் குறைக்க வேண்டுமென்று கருதிய பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள், 1935-ஆம் ஆண்டில் தமது 'குடி அரசு' வார இதழில் சீர்திருத்திய எழுத்துகளைக் கையாளத் தொடங்கினார். அவற்றுள் 13 எழுத்துகளைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-ஆம் ஆண்டில் ஆணையிட்டு ஏற்றது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் ஏற்றன. 'ணா', 'றா', 'னா' மூன்றும் பிற ஆகாரங்களைப் போலவே துணைக்கால் பெற்றன. 'லை', 'ளை', 'ணை', 'னை' நான்கும் பிற ஐகாரங்களைப் போலாயின. ஒரு விதியைக் கற்ற குழந்தைக்கு விதிவிலக்கு என்னும் சுமை குறைந்தது. அச்சுக் கோப்போருக்கும், பின்னாளிற் கணினிக்கும் அது நன்மையே செய்தது.

நன்மைக்கும் ஒரு விலை உண்டு. 1953-ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பேரன் வாசிக்கக் கூடவில்லையே! சீர்திருத்தம் தவறென்று இதனால் நாம் கூறவில்லை. பழைய வடிவங்களைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். அந்த ஒரு மாலைப் பொழுதை அவனுக்காக ஒதுக்குவார் எவருமில்லை என்பதே குறை.

கிராணி செய்த பொறி

அடுத்து வந்தது தட்டெழுத்துப் பொறி. தமிழுக்கு அதனை அமைத்துத் தந்தவர், 1886-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பிறந்து, இளம் வயதில் மலாயாவுக்கு வந்து, சிங்கப்பூரில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் எழுத்தர் வேலை பார்த்த ரா. முத்தையா அவர்கள் ஆவார். நம்மைப் போல் ஒரு கிராணி! ஆங்கிலக் கடிதங்கள் பொறியில் அடிபட்டு அழகாக வெளிவருதலையும், தமிழ்க் கடிதத்துக்கு அவ்வாய்ப்பு இல்லாமையையும் கண்டு, தாமே அதற்கு வழி தேடினார்.

தமிழில் எழுத்துகள் 247. பொறியில் விசைகளோ ஐம்பதுக்குங் குறைவு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விசை வைத்தல் இயலாது. ஆகவே எழுத்துகளைக் கால், கொம்பு, கொக்கி எனப் பிரித்தார். சில விசைகளை அழுத்தினால் குறி மட்டும் பதியும், தாள் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். இதனை 'நகரா விசை' என்பர். இவ்வாறு சில விசைகளைக் கொண்டே தமிழ் முழுவதையும் அடிக்க வழி பிறந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். 'கொ' என்று அடிக்க வேண்டுமாயின் அப்பொறியில் முதலிற் கொம்பை அடித்து, பின் ககரத்தை அடித்து, அதன்பின் காலை அடிக்க வேண்டும். அதாவது, பொறி கண்ணுக்குத் தோன்றும் முறையைப் பின்பற்றிற்று; காதுக்குக் கேட்கும் முறையையன்று.

கணினியும் கைப்பேசியும்

1985-ஆம் ஆண்டில் கோலாலம்பூரைச் சேர்ந்த முத்து நெடுமாறன் அவர்கள் 'முரசு' என்னும் மென்பொருளை ஆக்கி, கணினியில் தமிழ் எழுத வழி செய்தார். 1995-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் வெளியிட்ட இணையப் பக்கங்களில் தமிழும் இடம் பெற்றது. 1997-ஆம் ஆண்டில் தமிழும் இணையமும் பற்றிய மாநாடு ஒன்று சிங்கப்பூரில் நடைபெற்றது. அக்காலத்தில் ஒருவர் ஒரு முறையில் எழுதி அனுப்பியது மற்றொருவர் கணினியில் வெறும் கட்டமும் குறியுமாகத் தோன்றும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் வகுத்த யூனிகோடு முறையில் 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் சேர்க்கப்பட்டிருந்தும், அது எங்கும் பரவப் பல ஆண்டுகள் சென்றன. 2005-ஆம் ஆண்டில் முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழிற் குறுஞ்செய்தி அனுப்ப வழி திறந்தது.

இவ்வரலாற்றில் நம் நாட்டாருக்குள்ள பங்கை நோக்குக. தட்டெழுத்து, கணினி, இணையம், கைப்பேசி என்னும் நான்கிலும் மலாயா, சிங்கைத் தமிழரின் கை இருக்கிறது. தமிழ் இப்பொறிகளில் தானாக ஏறிவிடவில்லை. ஒரு கிராணியும், ஒரு பொறியாளரும், ஓர் ஆசிரியரும் தோள் கொடுத்து ஏற்றினர்.

இனி ஒரு நுட்பம். 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரெழுத்துகள் ஒரு பக்கம், மெய்க்குரிய எழுத்துகள் மறுபக்கம். ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் 'கி' வரும். ஒகரத்தை அழுத்தினால் 'கொ' வரும். கொம்பை முன்னே தேட வேண்டியதில்லை. மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிப்பதே உயிர்மெய் என்னும் இலக்கணம் அங்கே விரல் நுனியில் நிகழ்கிறது. முத்தையாவின் பொறி கண்ணைப் பின்பற்றிற்று. இப்பலகை காதைப் பின்பற்றுகிறது. கைப்பேசியில் இதனை முறையாகப் பயிலும் குழந்தை, 247 எழுத்தும் முப்பது ஒலிகளின் சேர்க்கையிலும் ஆய்தத்திலும் அடங்குதலைத் தானே கண்டுகொள்ளும். கைப்பேசி இலக்கணத்துக்குப் பகை என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

குறை எங்கே?

அவ்வாறாயின் பேரன் ஏன் 'பல்லிக்கூடம்' என்றெழுதினான்? அவன் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறது. அதனை அவனுக்குக் காட்டினவர் எவருமில்லை. அவன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். ஆங்கிலத்தில் லகரம், ளகரம், ழகரம் மூன்றுக்கும் அவன் ஓரெழுத்தையே பயன்படுத்துகிறான். ரகரம், றகரம் இரண்டுக்கும் ஓரெழுத்து. நகர, னகர, ணகரங்கட்கும் ஓரெழுத்து. எழுத்தில் வேற்றுமை மறைந்தால் காதில் மறையும். காதில் மறைந்தால் நாவில் மறையும். பள்ளி பல்லியாவது இவ்வாறே.

எழுதுவதை விட்டுக் குரலை அனுப்புவோரும் பெருகிவிட்டனர். குரல் இனியதுதான். ஆனால் சொன்னதை நிறுத்தி, பார்த்து, அடித்து, திருத்தி, மறுபடி சொல்லும் பழக்கம் எழுத்திலேயே உண்டு. அப்பழக்கத்துக்கே சிந்தனை என்று பெயர். இப்பொழுதோ, கேட்டவுடன் கட்டுரையையே எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுப் பொறிகளும் வந்துவிட்டன. அவற்றாற் பயனுண்டு, மறுக்கவில்லை. ஆனால் தான் எழுத அறியாதவன், பொறி எழுதியது சரியா பிழையா என்று எவ்வாறு காண்பான்? அன்று கிராணி வாசித்ததே கடிதம் என்று நம்பிய தந்தையாருக்கும், இன்று பொறி எழுதியதே கடிதம் என்று நம்பும் மகனுக்கும் வேறுபாடு யாது? கிராணி மாறினார், கைநாட்டு மாறவில்லை.

ஆகவே நாம் கண்ட விடை இது: மணல் இருந்த காலத்திற் பலருக்கு இடம் இல்லை. அச்சு வந்த காலத்திற் பலருக்குப் பொருள் இல்லை. இன்றோ கருவி எல்லோர் கையிலும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்கும் பட்டணத்துப் பிள்ளைக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றே. தமிழர் சரித்திரத்தில் இத்தகைய காலம் முன்பு வந்ததில்லை. இக்காலத்தில் இல்லாதது ஒன்றே: பக்கத்தில் அமர்ந்து கற்பிக்கும் ஒருவர்.

செய்யத்தக்கது

பேசிக்கொண்டே இருத்தல் நமக்கு உடன்பாடன்று. அந்நிகழ்ச்சிக்குப் பின், ஞாயிறு மாலைகளில் தோட்டத்துப் பழைய வாசகசாலையில் ஒரு வகுப்புத் தொடங்கினோம். முதல் நாள் வந்தவர் ஏழு பேர். முறை எளிது. முதலில், வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் சொன்ன செய்தியைக் கையால் ஒரு பக்கம் எழுத வேண்டும். பிறகு அதனைக் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையில் அடிக்க வேண்டும். மூன்றாவதாக, அதனை உரக்க வாசிக்க வேண்டும். நான்காவதாக, ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்த வேண்டும். பொறி பிழை காட்டினால், அது ஏன் பிழை என்று எழுதினவரே சொல்ல வேண்டும். மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்க வேண்டும். இதில் நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. மணலிற் கைபழக்கியதும் சட்டாம்பிள்ளை முறையும் திண்ணையினுடையவை. வாரப் பயிற்சி கதை வகுப்பினுடையது. விசைப்பலகை முத்தையாவின் வழிவந்தோருடையது. திண்ணை செய்த பிழையை மட்டும் விலக்கினோம்: எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

பேரன் முதல் மாதம் இருமுறை வந்தான். இரண்டாம் மாதம் தவறாமல் வந்தான். பழைய எழுத்து வடிவங்களைக் கற்க அவனுக்கு ஒரு மாலைகூட முழுதாகத் தேவைப்படவில்லை. பிஸ்கட் டின்னிலிருந்த கடிதங்கள் ஆறையும் அவனே வாசித்து, புதிய எழுத்தில் அடித்து வைத்தான். பாட்டியின் காரியம் இன்னும் முடியவில்லை. கடிதம் ஒன்றே போதிய சான்றாகிவிடாது. ஆயினும் எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று தேடத் தொடங்க வழி பிறந்திருக்கிறது. அதற்கு முன்பே மற்றொன்று நடந்தது. தம் எழுபத்திரண்டாம் வயதில் அம்மூதாட்டி வாசகசாலைக்கு வந்து, பெஞ்சின் ஓரத்தில் அமர்ந்து, பேரனின் கைப்பேசியை வாங்கி, கண்ணாடியில் விரலால் 'அ' எழுதினார். பெரிய தகப்பனாரின் சொல் காலங் கடந்தாயினும் நிறைவேறிற்று.

வாசகர்களே! மலேசியாவில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. கோயில் மண்டபங்களும் வாசகசாலைகளும் மன்றங்களும் இருக்கின்றன. கைப்பேசி இல்லாத வீடு அரிது. ஒரு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, ஒரு பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, தமிழ் விசைப்பலகையைத் திறந்து காட்ட உங்களால் ஆகாதா? பத்திரிகை செய்து வந்த வேலையை இனிப் பத்திரிகை மட்டும் செய்தல் இயலாது. எழுதத் தெரிந்த ஒவ்வொருவரும் ஒருவருக்கு உபாத்தியாயராதல் வேண்டும். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் வாசிக்கப்படாத கடிதம் ஒன்று இருக்கக் கூடும். அதனை வாசிக்க வேண்டியவர் கிராணி அல்லர், உங்கள் பிள்ளையே.